பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: தவணை இறுதிச் செய்தியும் ஒரு வேண்டுகோளும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

இந்தத் தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. குறுக்கோட்டத்திலும் கதை சொல்லும் போட்டியிலும் நம் மாணவர்கள் சிறப்பாகச் செய்தார்கள். நூலகத்துக்குச் சாயம் பூசித் தந்த பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கு நன்றி.

இனி, முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் சிலர், வீட்டில் அண்ணன் அக்காவோடு 'தி வெஸ்ட் விங்' என்ற அமெரிக்க அரசியல் தொடரின் ஒரு பாகத்தைப் பார்த்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் ஒளிபரப்பான அந்தப் பாகத்தில், போதைப்பொருள் குற்றத்துக்கான கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையைப் பற்றி வெள்ளை மாளிகையில் வாக்குவாதம் நடக்கிறது. 1986இல் அங்கு வந்த சட்டப்படி, கொக்கேய்னிலிருந்து செய்யப்படும் கிராக் 5 கிராமுக்கும், கொக்கேய்ன் தூள் 500 கிராமுக்கும் ஒரே ஐந்தாண்டுச் சிறை. "இது நியாயமா டீச்சர்?" என்று நன்னெறிப் பாடத்தில் கேட்டிருக்கிறார்கள். 2010இல் அமெரிக்கா அந்த இடைவெளியைக் குறைத்ததையும், நம் மலேசியாவில் 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டு, முடிவு நீதிபதியிடம் விடப்பட்டதையும் ஆசிரியை விளக்கினார். பன்னிரண்டு வயதில் இப்படிக் கேட்கும் பிள்ளைகளை நினைத்துப் பெருமைப்படுகிறேன். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கவலைப்பட்ட பெற்றோரின் மனமும் எனக்குப் புரிகிறது.

ஆனால் மறுநாள் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலை பெஞ்சு நீதிமன்றமானது. அடிக்கோலைத் தட்டி ஒருவர் தீர்ப்புச் சொல்ல, ஒரு பிள்ளையை நிறுத்தி, "உங்க மாமா எந்த ஜெயில்ல இருக்காரு?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை மூன்று நாள் வகுப்பை விட்டு வெளியே வரவில்லை. கொண்டுவந்த ரொட்டியைப் பிரிக்கக்கூட இல்லை.

மாணவர்களிடம் பேசிவிட்டோம். அழுதார்கள், மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் அந்தச் செய்தி அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பெரியவர்கள் எழுதியதிலிருந்து. நம் பிறை ஊரின் அடுக்குமாடிகளில் ஒருவருக்கொருவர் தெரியாதவர் இல்லை. அதற்காக ஒரு குடும்பத்தின் துயரத்தைப் பெயர் சொல்லி எழுதலாமா? தெளிவாகச் சொல்கிறேன்: வகுப்புக் குழு வீட்டுப்பாடத்துக்கும் அறிவிப்புகளுக்கும் மட்டுமே. இனி எந்தக் குடும்பத்தைப் பற்றி அப்படி எழுதினாலும், எழுதியவர் குழுவிலிருந்து நீக்கப்படுவார். நேரில் வந்து என்னிடம் விளக்கமும் தர வேண்டும்.

அந்தத் தொடரில் அதிபரின் தலைமை அதிகாரியே குடியிலிருந்தும் மாத்திரைப் பழக்கத்திலிருந்தும் மீண்டவர். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பவர்கள் அவரைப் பற்றியும் பேசுங்கள். சட்டம், தண்டனை பற்றிய கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்லுங்கள். பக்கத்து வீட்டை உதாரணம் காட்ட வேண்டாம். உங்கள் வீட்டிலேயே இந்தச் சிக்கல் இருந்தால் மறைத்துத் தவிக்க வேண்டாம். தாமே முன்வருவோருக்குத் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏஏடிகே சிகிச்சை அளிக்கிறது. வழிகாட்டல் ஆசிரியரையோ என்னையோ தனியாகச் சந்தியுங்கள். பேசுவது வெளியே போகாது.

குழுவில் எழுதியதை உடனே நீக்கி, அந்தக் குடும்பத்தை நேரில் பார்த்து வருத்தம் தெரிவித்த பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி. தங்கள் பிள்ளையைத் தொடர்ந்து நம்மிடம் அனுப்பிவரும் அந்தக் குடும்பத்தாருக்கும் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்