காய்ச்சல் வந்த இடத்தை எழுதுங்கள்: சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு வணக்கமுங்க.

டெங்கு சீசன் தொடங்கிவிட்டதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. காய்ச்சல் முகாம், புகை மருந்து, வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள், எல்லாம் பார்க்கிறோம். வெயிலில் அலையும் அந்தப் பெண்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்களை எந்தத் தெருவுக்கு அனுப்புகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

நான் திருப்பூரில் சின்னதாக ஒரு பவர்டேபிள், அதாவது கூலிக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் கூடம், நடத்துகிறேன். எங்களிடம் செக்கிங் பார்க்கும் பெண் ஒருவர் கம்பெனிக்குப் பின்னால் உள்ள லைன் வீட்டில் குடியிருக்கிறார். சொந்த ஊர் போடி பக்கம். போன மாதம் அவருக்குக் காய்ச்சல் கண்டது, ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்கு. மருத்துவமனையில் ஆதார் கேட்டார்கள், அதிலிருந்த விலாசத்தை அப்படியே பதிந்துகொண்டார்கள். "நான் இங்கதாங்க குடியிருக்கேன்" என்று அவர் சொன்னதற்கு, "கார்டுல இருக்கறதத்தான் போட முடியும்" என்று பதில் வந்தது.

அப்புறம் ஊரிலிருந்து அவருடைய அப்பா போன் செய்தார். "நம்ம தெருவுல மருந்தடிக்கிறாங்க, தொட்டியெல்லாம் கவுத்துக் கொட்டுறாங்க. உனக்கு என்னம்மா ஆச்சு?" மகளுக்குக் காய்ச்சல் என்பதே மருந்தடிக்க வந்தவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அந்தப் பெண் ஊருக்குப் போய் மாதக்கணக்காகிறது. இங்கே லைன் வீட்டுப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

நோயாளியைக் கடித்த கொசு அடுத்தவருக்கு நோயைக் கொடுக்க 8 முதல் 12 நாள் ஆகும் என்று உங்கள் துறைக்காரர்களே சொல்வார்கள். அந்த நாட்கள் உங்கள் கையில் இருந்தன. அவை போடியில் செலவாகிப் போயின.

அடுத்துப் படுத்தது பக்கத்து வீட்டுப் பையன். இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அன்றைக்கு நாங்களே டார்ச் எடுத்துக்கொண்டு லைனுக்குள் போனோம். தண்ணீர் வாரம் ஒரு முறைதான் வரும் என்பதால் வீட்டுக்கு வீடு நீல டிரம். மேலே பனியன் வேஸ்ட் துணியைப் போட்டு எலாஸ்டிக்கால் கட்டியிருந்தார்கள். துணி தொய்ந்து ஓரத்தில் இரண்டு விரல் போகிற இடைவெளி. வெளிச்சம் பட்டதும் கொசுப் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கின.

பையனுக்குத் தட்டணுக்கள் குறைந்து, மூக்கில் ரத்தம் வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். அவன் அம்மா ஓவர்லாக் டைலர். காலையில் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுவந்து, "ஏறியிருக்குங்களா, எறங்கியிருக்குங்களா?" என்று கேட்டு நிற்பார். எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் என் முகத்தைப் பார்த்தே அழுதுவிடுவார். பையன் பிழைத்துவிட்டான். வட்டிக்கு வாங்கிய பணம் அப்படியே நிற்கிறது. அவனும் உங்கள் கணக்கில் திருப்பூர்க்காரன் இல்லை. அந்தக் குடும்பத்தின் ஆதார் தருமபுரி விலாசத்தில் இருக்கிறது. அதே லைனில் இருந்த ஒடிசாக்காரத் தம்பி ஒருவர் காய்ச்சலோடு ரயிலேறி ஊருக்குப் போய்விட்டார். அவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

போடியில் ஒன்று, தருமபுரியில் ஒன்று, ஒடிசாவில் ஒன்று என்று பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரிதான் தெரியும். மூன்றும் ஒரே சுவருக்குள் வந்தவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பிறந்த இடத்தைவிட்டுச் சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை. நோயை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது பஸ்ஸிலும் ரயிலிலும் போகிற நாம்தான். தொற்று பரவத் தொடங்கும்போது பக்கத்து ஊர், அதற்கடுத்த ஊர் என்று வரிசையாகப் போவதில்லை, ஆட்கள் போகிற வழியில் தாவுகிறது. வூகானில் தொடங்கிய கொரோனா 2020 ஜனவரி 30 அன்று இந்தியாவில் முதலில் உறுதியானது சீன எல்லையில் இருக்கும் மாநிலத்தில் அல்ல, கேரளத்தில். வூகானில் படித்துக்கொண்டிருந்து ஊர் திரும்பியவரிடம். 1896இல் பம்பாயில் கண்ட பிளேக் 1898இல் பெங்களூருக்கு வந்துவிட்டது. கோவையும் தப்பவில்லை, பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

1854இல் லண்டனில் காலரா வந்தபோது, இறந்தவர்கள் எங்கே இருந்தார்கள், எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று நேரில் போய் விசாரித்து, பிராட் தெருவின் பம்புத் தண்ணீர்தான் காரணம் என்று கண்டுபிடித்தார் டாக்டர் ஜான் ஸ்நோ. அதே சமயம் தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி காலராவில் இறந்தார். ஸ்நோ விசாரித்தார். முன்பு பிராட் தெருவில் வாழ்ந்த அந்த அம்மாள், அந்தப் பம்புத் தண்ணீர் பிடித்துப்போய், வண்டியில் வரவழைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளின் விலாசத்தை மட்டும் பார்த்து ஸ்நோ நின்றிருந்தால் இது தெரிந்திருக்காது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரு டாக்டர் கேட்ட கேள்வியை இன்று நாம் கேட்காமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த ஊர் பனியனைத் தைப்பவர்கள் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். பல்லடம், அவிநாசி பக்கம் மில் ஹாஸ்டல்களில் எத்தனை பெண் பிள்ளைகள். ரேஷன் ஒரு ஊரில், ஓட்டு ஒரு ஊரில், உழைப்பு மட்டும் இங்கே. அவர்களுடைய காய்ச்சலைக்கூட நம் ஊர்க் காய்ச்சலாக எழுத மாட்டோம் என்றால், அவர்களை மனிதராகவே நாம் வைத்திருக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது சின்னக் காரியம். காய்ச்சல் வந்தவரிடம் ஆதாரை வாங்குங்கள். கூடவே, கடந்த இரண்டு வாரம் எங்கே தங்கினார், பகலில் எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டு எழுதுங்கள். இந்தக் கொசு பகலில் கடிப்பது, அதனால் வேலை இடமும் முக்கியம். அந்த இடத்துக்கு அன்றைக்கே ஆள் அனுப்புங்கள். காய்ச்சலோடு ஒருவர் ஊருக்குப் போனால் அந்த மாவட்டத்துக்கு ஒரு போன் போடுங்கள். ஆட்கள் குறைவாகப் படுத்திருக்கும்போது செய்தால்தான் இதற்குப் பலன். நூற்றுக்கணக்கில் படுத்த பிறகு எந்தத் தெருவில் தொடங்கியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தீபாவளி லீவுக்கு ஊரே காலியாகும். சிறப்புப் பேருந்துகள் கிளம்புவதற்குள், தங்கிய இடம், வேலை செய்த இடம் என்ற இரண்டு வரிகளை உங்கள் படிவத்தில் சேர்த்துவிடுங்கள். ஆள் பற்றாக்குறை இருந்தால் எங்கள் லைன் வீடுகளின் பட்டியலை நாங்களே எடுத்துத் தருகிறோம், கூட வந்து வழியும் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
திருப்பூரில் பவர்டேபிள் நடத்தும் ஒருவர்