ஜீப் ஏறும் தாயும் வீட்டில் நிற்கும் மகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாணமாகாத கிராமத்துப் பெண்கள் வேலைக்கு வராததற்கு ஆர்வமின்மைதான் காரணம் என்று தங்கள் இதழில் எழுதப்பட்டிருந்தது. தேனி மாவட்டத்து எல்லையோர ஊர்களுக்கு இது கொஞ்சமும் பொருந்தாது.

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக கேரளத்தின் இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப் ஏறுகிறவர்களில் கல்யாணமான பெண்களே அதிகம். தாய் கிளம்பிவிட்டால் அடுப்படி, குடிதண்ணீர், தம்பி தங்கையைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் பிளஸ் டூ முடித்த மூத்த மகள் தலையில். ஏலக்காய்க் கொத்தில் முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். ஏறத்தாழ 40 நாளுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்ப வேண்டும். ஆகவே சீசன் முழுக்கத் தாய்க்கு வேலை ஓயாது. மகளும் வெளியே போனால் தாயின் கூலி நின்றுவிடும்.

அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், வாராந்திர நிலைப்படி முந்தைய 7 நாளில் 1 மணி நேரம் வருமானத்துக்கு உழைத்திருந்தாலே வேலையில் இருப்பவர். பக்கத்து வீட்டுக்கு ரவிக்கை தைத்துக் காசு வாங்கினாலும் கணக்கில் சேரும். ஆனால் கணக்கெடுக்க வருபவரிடம் வீட்டுப் பெரியவர் ஒருவர், "பிள்ளை சும்மாதாங்க இருக்கு" என்றால் போதும், 92 என்ற குறியீடு விழுந்துவிடும். வீட்டு வேலை மட்டும் என்று பொருள். அந்தப் பெண்ணிடமே கேட்க வேண்டும்.

ஜீப்பில் நெருக்கியடித்துப் போவதும் இருட்டித் திரும்புவதும் ஒரு தடை. பெண் பார்க்க வருகிறவர்கள், "ஜீப்புக்குப் போற பிள்ளையா?" என்று கேட்பார்களே என்ற பயம் அதைவிடப் பெரிது. ஆண் பிள்ளை திருப்பூர் போக யாரும் இப்படி யோசிப்பதில்லை. தகப்பன் இல்லாத வீட்டில், கடன் நெருக்கும் வீட்டில் இந்தப் பயமெல்லாம் பின்னுக்குப் போய்விடும். அந்தப் பெண் ஜீப் ஏறுவதை முன்னேற்றம் என்று எண்ணிவிடக் கூடாது.

போடியில் நடக்கும் ஏலக்காய் தரம் பிரிப்பை ஊர்தோறும் மகளிர் குழுக் கட்டடங்களுக்குக் கொண்டுவரலாம். 7, 8 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, வெடித்த காயையும் வெளுத்த காயையும் பொறுக்கும் வேலை. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்துக்குள் முடித்துவிடலாம். விலை கூடிய சரக்கு என்பதால் வியாபாரிகள் தயங்குவார்கள். காய் ஈரம் இழுத்தால் எடையும் மாறும், பச்சை நிறமும் போகும். பாலித்தீன் உறையிட்ட சாக்கில் கட்டி, கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இரு தரப்பும் பார்க்க எடை போட்டு எழுதினால் தகராறு வராது. கூலி அந்தப் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கில் ஏற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவாரம், தேனி மாவட்டம்