வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பிவைக்கும் ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருச்சி, கோவை, மதுரை என்று ஊர் ஊராகக் கன்சல்டன்சி நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். நான் கரூரைச் சேர்ந்தவள். 2018 செப்டம்பரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு வந்து, ஒரு கல்லூரியில் இரண்டு வருட பிசினஸ் டிப்ளமோ முடித்தேன். இப்போது டொரன்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என்னை இங்கே அனுப்பிவைத்தவரும் உங்களைப் போன்ற ஓர் ஆலோசகர்தான்.

போன மாதம் என் சித்தி மகன் போன் செய்தான். ஊரில் பி.பி.ஏ. முடித்திருக்கிறான். "அக்கா, பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் டிப்ளமோ, ரெண்டு வருஷம். முடிச்சதும் மூணு வருஷம் ஒர்க் பெர்மிட் கண்டிப்பா கிடைக்கும்னு சொல்றாங்க. ஆஃபர் லெட்டர் வந்திருச்சு, ஃபீஸ் கட்டச் சொல்றாங்க" என்றான். எனக்கும் அன்றைக்குச் சொன்னது இதே வாக்கியம்தான். அப்போது அது உண்மை. இப்போது அது உண்மையில்லை. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

2024 நவம்பர் 1 முதல், ஸ்டடி பெர்மிட்டுக்குப் புதிதாக விண்ணப்பித்துக் கல்லூரி டிப்ளமோ படிக்க வருகிறவர்களுக்கு, படிப்பு முடிந்தபின் கிடைக்கும் ஒர்க் பெர்மிட் எல்லாத் துறைக்கும் கிடையாது. விவசாயம், மருத்துவம், அறிவியல் தொழில்நுட்பம், எலக்ட்ரீசியன் வேலை போன்ற கைத்தொழில், போக்குவரத்து என்று ஆள் தட்டுப்பாடு உள்ள துறைகளுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். அதற்குப் பிறகு பட்டியலில் சில சேர்ந்தன, சில மாறின. பொதுவான பிசினஸ் டிப்ளமோ அதில் இல்லை. இளங்கலை, முதுகலைப் பட்டம் படிக்கிறவர்களுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு கிடையாது. டிப்ளமோவுக்குத்தான் உண்டு. அப்படியானால் என் தம்பி இரண்டு வருடம் படித்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். இது கனடா அரசின் இணையதளத்தில் யாரும் படிக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் கரூரில் இருக்கும் என் சித்தி அதைத் தேடிப் படிக்கப் போவதில்லை. அவர் உங்களை நம்பி வருகிறார்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும். நம் ஊரில் கல்லூரி என்றால் பட்டம் வாங்குகிற இடம். டிப்ளமோ என்றால் பாலிடெக்னிக். ஒன்டாரியோவில் கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு. வில்லியம் டேவிஸ் கல்வி அமைச்சராக இருந்தபோது 1965இல் சட்டம் கொண்டுவந்து இந்தக் கல்லூரிகளைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகம் போகாத பிள்ளைகளுக்கும், வேலையை மாற்ற நினைக்கிற பெரியவர்களுக்கும் தொழிற்கல்வி தரவே இவை வந்தன. முதல் கல்லூரியான சென்டெனியல் 1966இல் திறந்தது நான் இருக்கும் இதே ஸ்கார்பரோவில்தான். போருக்குத் தப்பி இங்கே வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட கல்லூரிகளில் பிசினஸ் படித்துத்தான் வங்கியிலும் கணக்கு வேலையிலும் கால் ஊன்றினார்கள். என் மேலாளரே அப்படி வந்தவர்.

ஆகவே படிப்பு மட்டம் என்று நான் சொல்லவில்லை. யாருக்காக ஏற்பட்டதோ அவர்களுக்கு அது நல்ல படிப்பு. பெரும்பாலான கல்லூரிகளில் 'பிசினஸ்' என்றால் இரண்டு வருட டிப்ளமோ, 'பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன்' என்றால் மூன்று வருட அட்வான்ஸ்டு டிப்ளமோ. மூன்று வருடம் முடித்தவர்கள் படித்த பாடங்களைக் கணக்கில் காட்டி, பல்கலைக்கழகத்தில் பட்டத்தைத் தொடர முடியும். என் தம்பியிடம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் பி.பி.ஏ. முடித்துவிட்டு வருகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது? முதல் செமஸ்டரில் எனக்கு வந்தது மார்க்கெட்டிங் அறிமுகம், மைக்ரோ எகனாமிக்ஸ், அடிப்படைக் கணக்கியல். ஊரில் மூன்று வருடம் படித்து, பரீட்சை எழுதி முடித்த அதே பாடங்கள். பக்கத்து இருக்கையில் பள்ளி முடித்து வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள். டெபிட், கிரெடிட் என்று பேராசிரியர் பலகையில் எழுதியபோது, இதற்காகவா அப்பா நிலப் பத்திரத்தை பேங்கில் வைத்தார் என்று நினைத்து அழுகை வந்துவிட்டது. எனக்குப் புதிதாக இருந்தவை கனடா வருமான வரி, சம்பளப் பட்டியல் போடுவது, எக்செல், அப்புறம் நாலு பேர் சேர்ந்து செய்கிற குழு வேலை. அவற்றால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவை எல்லாம் சேர்த்து ஒரு வருடப் படிப்புக்குள் அடங்கிவிடும்.

"அங்க டிப்ளமோ நம்ம ஊர் டிகிரிக்கு மேல" என்று அன்றைக்கு எங்களிடம் சொன்னார்கள். அது தவறு. பட்டம் முடித்தவர்களுக்கென்றே இந்தக் கல்லூரிகளில் கிராஜுவேட் சர்டிபிகேட் என்று தனியாக ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் ஒரு வருடம். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு இங்கே வந்து இரண்டாவது செமஸ்டரில்தான் தெரிந்தது. (துறைக் கட்டுப்பாடு இப்போது அதற்கும் உண்டு. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

சேர்கிற ஒவ்வொரு மாணவருக்கும் அவர் கட்டும் கட்டணத்திலிருந்து ஒரு பங்கைப் பல கல்லூரிகள் உங்களுக்குக் கமிஷனாகத் தருகின்றன. தொழில் என்றால் வருமானம் வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தக் கல்லூரி உங்களுக்குப் பணம் தருகிறது என்பது எதிரே உட்கார்ந்திருக்கிற தாய் தகப்பனுக்குத் தெரிய வேண்டும். ஒன்டாரியோ அரசு 2019இல் உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து அப்படியே நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகு கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களின் பணத்தை இன்னும் அதிகமாக நம்ப ஆரம்பித்தன. எந்தப் படிப்பில் நிறையப் பேரைச் சேர்க்க முடியுமோ அதில் சேர்த்தார்கள். பிசினஸுக்கு லேப் வேண்டாம், கருவி வேண்டாம், ஒரு வகுப்பறை போதும்.

செலவும் நான் வந்தபோது இருந்தது போல இல்லை. அன்றைக்குக் கல்விக் கட்டணம் போக, செலவுக்கு 10,000 கனடா டாலர் கையில் இருப்பதாகக் காட்டினால் போதும். 2024 ஜனவரியில் அது 20,635 டாலர் ஆனது. 2025 செப்டம்பர் 1 முதல் 22,895 டாலர், நம் பணத்தில் 14 லட்சம் ரூபாய்க்கு மேல். படிக்கும்போது வெளியே வேலை செய்ய வாரத்துக்கு 24 மணி நேரம்தான் அனுமதி. அதை வைத்து வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் சமாளிப்பதே பெரிய பாடு. அதில் மிச்சம் பிடித்துக் கல்விக் கடனையும் கட்டிவிடலாம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு தாள். கட்டணம் வாங்குவதற்கு முன்னால், தமிழில், உங்கள் கையெழுத்தோடு. இந்தப் படிப்புக்கு இன்றைய தேதியில் ஒர்க் பெர்மிட் தகுதி உண்டா, இல்லையா. இது டிப்ளமோவா, அட்வான்ஸ்டு டிப்ளமோவா, சர்டிபிகேட்டா. ஏற்கெனவே படித்த பட்டத்தில் இருக்கிற பாடங்கள் இதில் எத்தனை. விசா மறுத்துவிட்டால் கட்டணத்தில் எவ்வளவு திரும்ப வரும். இந்தக் கல்லூரி உங்களுக்குக் கமிஷன் தருகிறதா. பிள்ளையிடம் மட்டும் சொன்னால் போதாது, கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவரிடமும் சொல்ல வேண்டும். இருபத்தோரு வயதுப் பையனுக்கு விமானம் ஏறுகிற ஆசையில் வேறெதுவும் காதில் விழாது. எனக்கு விழவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கனடாவின் குடியேற்ற விதிகள் பற்றிப் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல அந்த நாட்டு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவர்கள், "பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) நிச்சயம்" என்று சொல்வதை விட்டுவிட வேண்டும். தெரியாது என்று சொன்னால் யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வரும் திங்கட்கிழமை என் தம்பி மறுபடியும் உங்களில் ஒருவருடைய அலுவலகத்துக்கு வருகிறான். இந்த முறை சித்தியும் கூட வருகிறார். மேலே உள்ள கேள்விகளைக் கையால் எழுதி அவர் பையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஆங்கிலம் வராது. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
கரூரிலிருந்து வந்த ஒரு முன்னாள் மாணவி
ஸ்கார்பரோ