பொருள்: பீர் வாங்க வந்தவரை ஐந்தரை மணி நேரம் வரிசையில் நிற்கவைத்து வெறுங்கையோடு அனுப்பியது குறித்துப் புகார்

மதிப்பிற்குரிய விற்பனைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த விஷயமாக நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு புகார் எண்கள் வந்தன. கூடவே "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்ற ஒரே வரி மூன்று முறை வந்தது. வேறு பதில் இல்லை. போனில் கேட்டால் "கடையில் கேளுங்கள்" என்கிறார்கள். கடையில் கேட்டால் "மெயில் போடுங்கள்" என்கிறார்கள். மெயில் போட்டால் மறுபடி போன் நம்பரைத் தருகிறீர்கள். இந்த முறையாவது ஒரு மனிதர் உட்கார்ந்து படிப்பார் என்று நம்பி எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை உங்கள் டபுள் ஐபிஏ (ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவை நிறையப் போட்டுக் காய்ச்சும் வீரியமான பீர்) வெளியீட்டுக்கு வந்தேன். அது என்ன பீர், அதற்கு ஏன் இவ்வளவு கூட்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முந்தைய நாள் மாலையே கஸ்டமர் கேருக்கு போன் செய்து கேட்டேன். "பதினொன்றுக்குக் கடை திறக்கும், ஸ்டாக் தாராளமாக இருக்கிறது, ஒன்பது மணிக்கு வந்தால்கூடப் போதும்" என்று ஒரு பெண் நல்லவிதமாகவே சொன்னார். நான் அதையும் முழுக்க நம்பாமல் 8.10-க்கே வந்து நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன், 133 பேர். ஒருவருக்கு எட்டு கேன் என்று கதவில் எழுதியிருந்தது. சரி, நியாயம்தான். நிறையப் பேர் கேட்கும் பொருள் என்றால் லிமிட் வைக்கத்தான் வேண்டும். லிமிட்டைப் பற்றியோ வரிசையைப் பற்றியோ எனக்குப் புகாரே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1.40-க்கு, எனக்கு முன்னால் பதின்மூன்று பேர் இருக்கும்போது, கதவைச் சாத்தினார்கள். முடிந்துவிட்டது, போகலாம் என்றார்கள்.

அப்புறம்தான் தெரிந்தது. உள்ளே பில் போட்டுக்கொண்டிருந்த ஊழியரிடம் எத்தனை பெட்டி வந்தது என்று கேட்டேன். அவர் மறைக்காமல் நாற்பது என்றார். பெட்டிக்கு 24 கேன். ஆக 960 கேன். ஆளுக்கு எட்டு என்றால் 120 பேர். இந்தக் கணக்குக்கு யாரும் படித்து வர வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கே, 120-வது ஆளுக்குப் பிறகு நிற்கிற ஒருவருக்கும் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. தெரிந்த நீங்கள் சொல்லாமல் இருந்தீர்கள், தெரியாத நாங்கள் வெயிலில் நின்றோம். என் புகார் இதுதான்.

இதைக் கேட்கத்தான் வாசலில் நின்ற உங்கள் ஊழியரிடம் போனேன். கறுப்பு டி-ஷர்ட், கையில் வாக்கி டாக்கி. வரிசையை ஒழுங்குபடுத்துவது அவர் வேலை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "நின்னது உங்க இஷ்டம் சார், நாங்களா நிக்கச் சொன்னோம்?" என்றார். சொல்லிவிட்டு வாக்கி டாக்கியில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார். எனக்குப் பின்னால் ஒரு பெரியவர், அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், மடக்கு நாற்காலியை மடக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். அவரும் அதைக் கேட்டார். ஒன்றும் பேசாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எனக்கு அந்த வாக்கியம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. இந்தக் கடிதத்தை எழுதும்போதும் அதுதான் கேட்கிறது.

நாங்களா நிற்கச் சொன்னோம் என்றால், தரையில் மஞ்சள் பெயின்டில் அம்புக்குறி போட்டு "வரிசை இங்கே தொடங்குகிறது" என்று எழுதி வைத்தது யார்?

இத்தோடு முடிந்திருந்தால்கூட விட்டிருப்பேன். வெறுங்கையோடு போக மனமில்லாமல் உள்ளே போனபோது, கவுன்டரில் இருந்தவர், "இது வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதே மாதிரிதான்" என்று வேறு ஒரு ஹேஸி ஐபிஏ-வை, கலங்கலாக இருக்கும் வகையை, காட்டினார். கேனைத் திருப்பி அடியில் பார்த்தேன். அடைத்த தேதி பன்னிரண்டு வாரத்துக்கு முந்தையது. அதுவும் ஃபிரிட்ஜில் இல்லை, ஜன்னலோர ஷெல்ஃபில், வெயில் விழும் இடத்தில், தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. கேனுக்குள் வெளிச்சம் போகாது, ஆனால் சூடு போகும். இந்த வகை பீரில் முதலில் செத்துப்போவது ஹாப்ஸின் வாசனைதான், சூட்டில் அது இன்னும் சீக்கிரம் போகும். அதனால்தான் உங்கள் லேபிளிலேயே "குளிரில் வையுங்கள், புதிதாகக் குடியுங்கள்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். அச்சடித்த நீங்களே அப்படி வைத்தால் நாங்கள் எதை நம்புவது? நான் வாங்கவில்லை.

இது முதல் தடவை இல்லை என்பதால்தான் இவ்வளவு கோபம். அதற்கு மூன்று வாரம் முன்பு என் மனைவியும் நானும் சேர்ந்து வந்தோம். கதவில் "ஒருவருக்கு எட்டு" என்றுதான் இருந்தது. இரண்டு மணி நேரம் நின்று கவுன்டருக்குப் போன பிறகு, லிமிட்டை இப்போதுதான் நான்காக மாற்றினோம் என்றார்கள். சரி, நான்கு நான்கு வாங்கிக்கொள்கிறோம் என்று இருவரும் எடுத்தோம். என் பில் முடிந்தது. மனைவியின் முறை வந்தபோது, "நீங்கள் ஒன்றாக வந்தவர்கள்தானே, குடும்பத்துக்கு நான்குதான்" என்று, அவர் கையில் இருந்த நான்கு கேனையும் வாங்கிக் கவுன்டருக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். இருவரிடமும் அடையாள அட்டை இருந்தது. இருவரும் தனித்தனியாகத்தான் நின்றோம். உங்கள் இணையதளத்தில் அன்றும் இன்றும் "ஒருவருக்கு" என்றுதான் போட்டிருக்கிறது, ஸ்கிரீன் ஷாட் எடுத்து இணைத்திருக்கிறேன். கேன்கள் இருந்த இடத்தில் கவுன்டரில் நான்கு ஈர வட்டங்கள். மனைவி அந்த ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "வா போகலாம், இனிமேல் என்னைக் கூப்பிடாதே" என்றார். அத்தனை பேர் முன்னால் திருடியதைப் பிடுங்குவது போலப் பிடுங்கினால் யாருக்குத்தான் மனம் நோகாது?

அன்றே எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவரோடு கடைசி அரை மணி நேரத்தில் ஆறு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஆறு பேரும் வாங்கினார்கள். எல்லாம் ஒரே காரின் டிக்கியில் ஏறியது. அவர்களை யாரும் குடும்பமா என்று கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அந்த கேன்கள் மூன்று மடங்கு விலைக்கு ஆன்லைனில் வந்துவிட்டன. லிமிட் எதற்கு வைக்கிறீர்கள்? இப்படி வாங்கி விற்பவர்களைத் தடுக்கத்தானே? அவர்கள் வாங்கிப் போகிறார்கள், வீட்டில் வைத்துக் குடிக்க நினைக்கிறவன் மாட்டிக்கொள்கிறான்.

ஆப் மூலம் முன்பதிவு செய்து பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும் பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது, கணக்கில் பணம் போனது, ஆர்டர் வரவில்லை. பணம் திரும்ப ஒன்பது நாள் ஆனது. அவ்வளவுதான்.

உங்கள் மீது வேண்டுமென்றே பழி போடவேண்டும் என்று எனக்கில்லை. சிறிய இடத்தில் தொடங்கி, இயந்திரத்தைப் பெரிதாக்கிச் சுவையைக் கெடுக்காமல், இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அந்த மரியாதை எனக்கு உண்டு. அளவாகத்தான் காய்ச்ச முடியும் என்றால் அளவாகவே காய்ச்சுங்கள். பெல்ஜியத்தில் பீர் காய்ச்சும் வெஸ்ட்விளெட்டரன் மடத்துத் துறவிகள் அப்படித்தான் செய்கிறார்கள். மடத்தின் தேவைக்கு மேல் காய்ச்சுவதில்லை. உலகமே கேட்டாலும் அளவைக் கூட்டுவதில்லை. ஆனால் வருகிறவர்களை அவர்கள் வாசலில் காயப்போடவில்லை. முன்பு போனில் கார் நம்பரைச் சொல்லிப் பதிந்துகொண்டு, குறித்த நேரத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம். 2019-இல் அதையும் ஆன்லைனுக்கு மாற்றி, கடைசியாக வாங்கி அதிக நாள் ஆனவர்களுக்கு முன்னுரிமை என்று வைத்தார்கள். ஒரு மடத்தால் முடிகிறது. ஆப், கஸ்டமர் கேர், வாக்கி டாக்கி எல்லாம் வைத்திருக்கும் உங்களால் ஒரு டோக்கன் கொடுக்க முடியாதா?

இன்னொன்றும் யோசியுங்கள். வெளியீட்டு நாட்களில் உங்கள் தெருவின் இரண்டு பக்கமும் கார்கள் நிற்கின்றன. எதிர் வீட்டுக்காரர் தன் கேட்டைத் திறக்க முடியாமல் சத்தம் போட்டதை நானே பார்த்தேன். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஹெடி டாப்பர் என்ற டபுள் ஐபிஏ-வைக் காய்ச்சும் அல்கெமிஸ்ட் ப்ரூவரிக்கு இதே நிலைமைதான் வந்தது. போக்குவரத்தைப் பற்றி அக்கம்பக்கத்தார் புகார் செய்ததால், 2013 நவம்பரில் வாட்டர்பரி என்ற ஊரில் இருந்த சில்லறைக் கடையையே அவர்கள் மூட வேண்டியதாயிற்று. பீர் நன்றாக இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை, அதனால் மூடினார்கள். உங்களுக்கு அது வரக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். சனிக்கிழமை வேலைக்கு லீவு போட்டேன், அந்தச் சம்பளம் போனது. இரண்டு மாதத்தில் நான்கு முறை இதற்காக அலைந்திருக்கிறேன், போக வர பெட்ரோல், மனைவியின் லீவு, இடுப்பு வலிக்கு மருந்து எல்லாம் சேர்த்தால் ஒரு மாத உழைப்பே போனது போலத்தான். அதைவிடப் பெரிது ஒன்று. என் கல்லூரி நண்பன் வெளிநாட்டுக்குக் குடிபோகிறான். கடைசி ராத்திரி உட்கார்ந்து குடிக்க இந்த பீரைக் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பத்து வருடத்துக்கு முன்பு உங்கள் கடையில் முதல் கேனை எனக்கு வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அந்த ராத்திரி வெறும் தண்ணீர் பாட்டிலோடு போய் அவன் முன்னால் உட்கார்ந்தேன். அவன் "பரவாயில்லைடா" என்றான். அவன் விமானம் ஏறிவிட்டான். அந்த ராத்திரியை நீங்கள் எதைக் கொடுத்தாலும் திருப்பித் தர முடியாது.

சரி. இனி எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். வெளியீட்டு நாளன்று காலையிலேயே, எத்தனை கேன் இருக்கிறது, எத்தனை பேருக்குப் போதும் என்று கதவில் எழுதுங்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கனோ ரிஸ்ட் பேண்டோ கொடுங்கள். டோக்கன் தீர்ந்தால் அடுத்தவரிடம் அப்போதே சொல்லி அனுப்புங்கள். வரிசை நகர ஆரம்பித்த பிறகு லிமிட்டை மாற்றாதீர்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் மொத்த வரிசைக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள், கவுன்டருக்கு வந்தவரிடம் மட்டும் சொல்லாதீர்கள். "ஒருவருக்கு" என்றால் ஒருவருக்கு, "குடும்பத்துக்கு" என்றால் குடும்பத்துக்கு, ஏதாவது ஒன்றை எழுதி அதன்படி நடங்கள். அந்த கறுப்பு டி-ஷர்ட் ஊழியர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவரை வேலையைவிட்டு எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் காலையிலிருந்து நின்றவர்தான், அவருக்குச் சொல்லிக்கொடுக்காதது உங்கள் தவறு. ஆனால் அந்த வார்த்தைக்கு மன்னிப்பு வேண்டும். என் மனைவியிடமும் யாராவது பேச வேண்டும்.

பத்து நாள் பார்க்கிறேன். அதற்குள் பெயர் சொல்லி, பொறுப்போடு ஒருவர் பதில் எழுதவில்லை என்றால், நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் கொடுப்பேன். உங்களுக்கு விற்பனை உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கும் படங்களோடு நகல் அனுப்புவேன். அறிவித்த விதிமுறை ஒன்று, கவுன்டரில் நடப்பது இன்னொன்று என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது. வரிசையில் நின்ற இன்னும் பதினோரு பேரின் நம்பரும் இருக்கிறது, அவர்களும் கையெழுத்துப் போடத் தயார். அந்த நிலைக்குக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை. தயவுசெய்து கொண்டுபோக வைக்காதீர்கள்.

எனக்கு இலவச கேன் எதுவும் அனுப்பிச் சமாதானம் செய்ய வேண்டாம். காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். அடுத்த வெளியீடு இந்த மாதக் கடைசியில் என்று அறிவித்திருக்கிறீர்கள். அன்று காலை ஏழரைக்கு வருவேன். கதவில் எண்ணைப் பார்த்துவிட்டு, நிற்பதா போவதா என்று முடிவு செய்வேன்.

இப்படிக்கு,
பத்து வருடமாக உங்களிடம் வாங்கும் வாடிக்கையாளர்

இணைப்பு: இணையதள ஸ்கிரீன் ஷாட், கதவில் இருந்த அறிவிப்பின் படம், பழைய கேனின் அடிப்பக்கத் தேதியின் படம், முந்தைய மூன்று புகார் எண்கள்