மலையில் தொலைந்தவரைத் தேட முதல் ராத்திரியை விட்டுவிடாதீர்கள்

தமிழ்நாடு வனத்துறைக்கும், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கும், மலை மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கும் வணக்கம்.

மூன்று வருடம் முன்பு ஒரு டிசம்பர் சாயங்காலம், ஆனைமலைப் பக்கம் ஒரு மலையிலிருந்து பதினோரு பேர் இறங்கி வந்தோம். அடிவாரத்துக்கு வந்து தலையை எண்ணினால் பத்துதான் இருந்தது. திரும்ப எண்ணினோம். பத்து. மணி ஐந்தே முக்கால்.

காணாமல் போனவன் எங்கள் கூட்டத்திலேயே சின்னவன். கடைசியாக அவனைப் பார்த்தது எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு இடம் சொன்னோம். புல்மேடு முடிகிற இடத்தில் என்றார் ஒருவர். இல்லை, அதற்கும் கீழே பாறைச் சரிவில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தானே என்றார் இன்னொருவர். இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் முக்கால் மணி நேர நடை இருக்கிறது. அந்த முக்கால் மணி நேரத்துக்குள் மூடுபனி, சோலைக்காடு, இரண்டு ஓடை, காட்டுமாடுகள் நடந்து நடந்து போட்ட தடங்கள், மனிதர் போட்ட பாதை மாதிரியே தெரிபவை, எத்தனையோ. தப்பு எங்களுடையது. வழிகாட்டி முன்னால் போனார், கடைசியில் வருவதற்கென்று ஒருவரை நிறுத்தாமல் நாங்கள் பாட்டுக்கு இறங்கினோம். அதை மறைத்துவிட்டு இந்த மடலை எழுத மனம் வரவில்லை.

அன்று ராத்திரி யாரைக் கூப்பிட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டோம். அவன் நம்பருக்கு நூறு தடவையாவது அடித்திருப்போம். முதலில் 'தொடர்பு எல்லைக்கு வெளியே', அப்புறம் 'சுவிட்ச் ஆஃப்'. டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போகிறோம் என்று கிளம்பிய இரண்டு பேரை வழிகாட்டி கையைப் பிடித்து நிறுத்தினார். ஒருவனைத் தேடப் போய் மூன்று பேரைத் தேட வேண்டி வரும் என்றார். யானை இறங்குகிற நேரம் வேறு.

பக்கத்திலிருந்த மலசர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி "பையன் என்ன செருப்புப் போட்டிருந்தான்?" என்பதுதான். ஷூ என்றோம். "அடியில எப்படி வெட்டு இருக்கும்?" யாருக்கும் தெரியவில்லை. அதே கடையில் அதே மாதிரி ஷூ வாங்கியிருந்த ஒருவர் காலைத் தூக்கிக் காட்டினார். பெரியவர் அதைத் தீக்குச்சி வெளிச்சத்தில் குனிந்து பார்த்துக்கொண்டார். அடுத்த கேள்வி: "பயந்தா ஓடுற பையனா, உக்காருற பையனா?"

விடியும் முன்பே அவரும் அவர் மகனும் கிளம்பினார்கள். நானும் வழிகாட்டியும் பின்னாலேயே போனோம். பாதை இரண்டாகப் பிரிகிற ஓரிடத்தில் பெரியவர் நின்றார். எனக்கு அங்கே இரண்டு பாதை இருப்பதே தெரியவில்லை. ஒரு கல்லில் பாசி உரிந்திருந்ததைக் காட்டி, "இது மாடில்ல, ஆளு" என்றார். மாட்டுக் குளம்பு பட்டால் பாசி கீறிக்கொண்டு போகுமாம், ஷூ பட்டால் தோல் உரிகிற மாதிரி சுருண்டு போகுமாம். அங்கிருந்து ஓடையோரமாக இறங்கினோம். சேற்றில் ஒரு ஷூத் தடம். அதில் ஊறியிருந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னார்: "தண்ணி இன்னும் தெளியல. பக்கத்துலதான் இருக்கான்."

இருந்தான். ஓடை அருவியாக விழுகிற விளிம்புக்கு இருபது அடி மேலே, ஒரு பாறை மறைவில், கணுக்கால் வீங்கி, உதடு நீலம் பாரித்து, நடுங்கக்கூடத் தெம்பில்லாமல் இருந்தான். விடியற்காலையில் எழுந்து இன்னும் கொஞ்சம் கீழே நகர்ந்து பார்த்திருக்கிறான், அதுதான் அந்தக் கலங்கல். ராத்திரி சிக்னல் தேடித் தேடியே போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வழி தவறினால் ஓடையைப் பிடித்து இறங்கு, ஊர் வரும் என்று எங்கோ படித்திருக்கிறான். அந்த அறிவுரை நம் மலைகளுக்கு ஆகாது. மேற்குத் தொடர்ச்சி மலை படிப்படியாக இறங்கும் மலை இல்லை. பல இடங்களில் சுவர் மாதிரி நிற்கிறது. மேலே சாதுவாக ஓடுகிற ஓடை அரை கிலோமீட்டரில் அதலபாதாளத்தில் விழும். இருட்டில் அதன் பின்னால் போகிறவன் அதோடு விழுவான்.

எங்கள் பையன் பிழைத்தான். அதற்குக் காரணம் நாங்கள் இல்லை, எந்த ஏற்பாடும் இல்லை. தற்செயலாகப் பக்கத்தில் ஒரு குடியிருப்பு இருந்தது, அந்தப் பெரியவர் அன்றைக்கு ஊரில் இருந்தார். இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

மலையேற்றத்தை நீங்களே இப்போது முன்னின்று நடத்துகிறீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்த பிறகு அதே வருடம் மலையேற்ற விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தீர்கள். மனதாரப் பாராட்டுகிறேன். அனுமதி இல்லாமல் திருட்டுத்தனமாக ஏறுவதைவிட, இணையத்தில் பதிந்து, உள்ளூர் ஆளோடு போவது எவ்வளவோ மேல். அந்த வழிகாட்டிகளாகப் பழங்குடி இளைஞர்களையும் மலையடிவாரத்து ஊர்க்காரர்களையும் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறீர்களே, அது இன்னும் நல்லது. ஆனால் ஏறுவதற்குச் செய்த ஏற்பாட்டில் பாதியாவது, இறங்காதவரைத் தேடுவதற்கும் வேண்டாமா?

இப்போதிருக்கிற நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆள் காணவில்லை என்ற புகார் ஒரு துறையின் வேலை. காட்டுக்குள் நுழைவது இன்னொரு துறையின் வேலை. கயிறு, ஸ்ட்ரெச்சர், மீட்புப் பயிற்சி மூன்றாவது துறையிடம் இருக்கிறது. பெரிய விபத்து என்றால் ஆட்சியர், பேரிடர் மீட்புப் படை, ராணுவம். எல்லாம் இருக்கிறது. தேடுதலை நடத்துகிறவர் இன்னார், அவர் சொன்னால் மற்றவர்கள் கிளம்புவார்கள் என்ற ஒன்று மட்டும் மலை ஏறுகிற எவருக்கும் தெரிகிற மாதிரி இல்லை. இதை முடிவு செய்வதற்குள் போவது முதல் ராத்திரி. மலையில் தொலைந்தவருக்கு அந்த முதல் ராத்திரிதான் எல்லாமே. குளிரில் உடம்பு சூடிழந்து சாவது பனிமலையில் மட்டும் நடப்பதில்லை. நனைந்த துணி, காற்று, வெறும் வயிறு, இந்த மூன்றும் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு டிகிரியே போதும். அதோடு, நேரம் ஆக ஆகத் தேட வேண்டிய வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் நடக்கிறவனை உடனே தேடினால் ஒரு சரிவைப் பார்த்தால் போதும். பத்து மணி நேரம் கழித்துத் தேடினால் மலை முழுக்கப் பார்க்க வேண்டும். மழை வந்தால் தடமும் போய்விடும்.

2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா அருகே சேராடு மலையில் ஓர் இளைஞர் சறுக்கிப் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். அவர் எங்கே இருக்கிறார் என்று முதல் நாளே தெரியும். கீழேயிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரிந்தார். ஹெலிகாப்டர் வந்தது, காற்றில் கிட்டே நெருங்க முடியவில்லை. டிரோனில் தண்ணீர் அனுப்பப் பார்த்தார்கள், அதுவும் முடியவில்லை. கடைசியில் நம் நீலகிரி வெலிங்டனிலிருந்து மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் சாலை வழியாகப் போய், ராத்திரியே மலை ஏறி, மேலிருந்து கயிற்றில் இறங்கித் தூக்கினார்கள். அவர் மாட்டி நாற்பது மணி நேரத்துக்கும் மேலாகியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தவருக்கே இவ்வளவு நேரம். கண்ணுக்குத் தெரியாதவருக்கு?

ஆளும் கருவியும் நிறைய இருந்தால் கிடைத்துவிடுவார் என்றும் சொல்ல முடியாது. 2013 ஜூலையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், அப்பலாச்சியன் நெடும்பாதையில் தனியாக நடந்துகொண்டிருந்த 66 வயதுப் பெண்மணி ஒருவர் இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு விலகினார். திரும்பி வரத் தெரியவில்லை. கணவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் எதுவும் போகவில்லை. சிக்னலுக்காக மேடான இடத்துக்குப் போய்க் கூடாரம் போட்டுக் காத்திருந்தார். அந்த மாநிலத்தின் மிகப் பெரிய தேடுதல்களில் ஒன்று நடந்தது. விமானம், மோப்ப நாய்கள், நூற்றுக்கணக்கான ஆட்கள். மூன்று வாரத்துக்கு மேல் அவர் உயிரோடு இருந்திருக்கிறார் என்பது குறிப்பேட்டில் அவர் எழுதி வைத்ததிலிருந்து தெரிந்தது. உடல் கிடைத்தது 2015 அக்டோபரில், பாதையிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்குள். என் உடலைக் கண்டால் என் கணவருக்கும் மகளுக்கும் தெரியப்படுத்துங்கள் என்று எழுதியிருந்தாராம். இதை முதன்முதலில் படித்த அன்று எங்கள் பையனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

டிரோன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்குங்கள். புல்மேட்டில், விடியற்காலையில், பாறை சூடேறுவதற்கு முன்னால் வெப்பக் கேமரா அருமையாக வேலை செய்யும். சோலைக்காட்டில் அது இலைகளைத்தான் பார்க்கும், அடியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்காது. அங்கே வேண்டியது தடம் பார்க்கிற கண். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021இல் மசினகுடிப் பக்கம் டி23 புலியை வாரக்கணக்கில் தேடியபோது தானியங்கிக் கேமராவும் டிரோனும் இருந்தும், தடம் பார்க்கப் பழங்குடி மக்களைத்தானே கூட்டிப் போனீர்கள். புலிக்குக் கூப்பிட்டவர்களை மனிதருக்காகவும் கூப்பிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கூப்பிடுவது என்றால் சும்மா கூப்பிடுவது இல்லை. எங்கள் பெரியவருக்கு அன்று நாங்கள் சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். அவர் வாங்க மறுத்தார். அவர் மகன் அன்றைக்கு எஸ்டேட் வேலைக்குப் போகவில்லை, ஒரு நாள் கூலி போனது. அந்த வழுக்குப் பாறையில் அவர் விழுந்திருந்தால்? காட்டுமாடு முட்டியிருந்தால்? எந்தக் காப்பீடும் கிடையாது, எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் கிடையாது. குரங்கணியிலும் தீயில் கருகியவர்களிடம் முதலில் ஓடியவர்கள் ஊர்க்காரர்கள்தான். போர்வையிலும் டோலியிலும் போட்டுச் சுமந்தார்கள். வெள்ளியங்கிரியில் ஏழாவது மலையில் மூச்சு முட்டி விழுகிறவரையும் டோலிக்காரர்தான் தோளில் சுமந்து இறக்குகிறார். நம் மலைகளின் மீட்புப் படை ஏற்கெனவே இருக்கிறது. அதற்குச் சம்பளம் இல்லை, பெயர் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒவ்வொரு பாதைக்கும் அங்கே உள்ளவர்களில் ஆறேழு பேரை மீட்புக் குழுவாகப் பதிவு செய்யுங்கள். தென்கோடியில் காணிகள், மேகமலைப் பக்கம் பளியர்கள், ஆனைமலையில் காடர், மலசர், முதுவர், நீலகிரியில் குறும்பர், இருளர், அந்தந்த மலையின் எஸ்டேட் தொழிலாளிகள் என்று ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. தயார் நிலையில் இருப்பதற்கு மாதம் ஒரு தொகை, தேடப் போகும் நாளுக்குக் கூலி, விபத்துக் காப்பீடு கொடுங்கள். கயிற்று வேலையும் முதலுதவியும் தீயணைப்புத் துறை கற்றுக்கொடுக்கட்டும். தடம் பார்ப்பதை அவர்கள் உங்கள் வீரர்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். பிரிட்டனில் மலை மீட்பு என்பதே அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள்தான். போலீசுக்கு ஒரு போன் வந்ததும் கிளம்புகிறார்கள், காசு வாங்குவதில்லை. நம் ஊரில் தினக்கூலிக்காரரிடம் அப்படிக் கேட்பது நியாயமில்லை. ஆனால் ஒரே போனில் கிளம்புகிற அந்த ஏற்பாடு நமக்கும் வேண்டும்.

அப்புறம், பதிவேடு. குரங்கணியில் அன்று ராத்திரி மலையில் மொத்தம் எத்தனை பேர் என்ற எண்ணே செய்திக்குச் செய்தி மாறிக்கொண்டிருந்தது. பாதை முகப்பில் ஏறும்போது எழுதுகிற பெயரை, இறங்கும்போது அடிக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு அடிக்கப்படாத பெயர் ஒன்று இருந்தால், யாரும் புகார் கொடுக்கக் காத்திருக்காமல் அந்த மீட்புக் குழுவுக்கு மணி அடிக்க வேண்டும். ஷூவின் அடிப்பாகத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்து வினாடி வேலை. அதே முகப்பில் ஒரு பலகை: வழி தவறினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், ஓடையைப் பிடித்து இறங்காதீர்கள், போனை அணைத்து வையுங்கள், மணிக்கு ஒருமுறை போட்டுக் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். பேச முடியாத சிக்னலில்கூடச் சிலசமயம் குறுஞ்செய்தி போய்விடும்.

வெளிநாட்டு மலைகளில் நடக்கிறவர்கள் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சின்னக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். பாதுகாப்புக் காரணம் புரிகிறது, அதை எதிர்த்து வாதாட வரவில்லை. தனியாருக்கு முடியாவிட்டால் அரசுக்கு முடியும். பிஎஸ்என்எல் செயற்கைக்கோள் போன் அரசுத் துறைகளுக்குக் கிடைக்கிறது. கப்பலும் விமானமும் அனுப்பும் ஆபத்துச் சைகையை விண்ணிலிருந்து வாங்குகிற மையம் பெங்களூருவில் இஸ்ரோவிடம் இருக்கிறது. டவர் எட்டாத பாதைகளில் வழிகாட்டியிடம் முறைப்படி உரிமம் பெற்ற ஒரு கருவி இருக்கட்டும். அது முடிகிறவரைக்கும் ஒரு வயர்லெஸ் செட்டாவது.

போன மாதம் அந்தக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். எங்கள் பையனும் வந்தான், கல்யாணப் பத்திரிகை வைக்க. பெரியவருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. இப்போது மகன்தான் தடம் பார்க்கிறாராம், அப்பா அளவுக்கு வராது என்கிறார். பேரன் பொள்ளாச்சியில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். மலையில் வேலை இருந்தால் வருவாயா என்று கேட்டேன். "மாசச் சம்பளம் இருந்தா நாளைக்கே வர்றேங்க" என்றான்.

காட்டுத்தீக் காலம் முடிந்து பாதைகளைத் திரும்பத் திறப்பதற்குள், அந்த ஒரு குடியிருப்பிலிருந்தாவது தொடங்குங்கள். நான்கு பெயர் இன்றைக்கே எழுதித் தருகிறேன். பேரனுடைய பெயரும் அதில் இருக்கும்.

இப்படிக்கு,
பொள்ளாச்சியிலிருந்து, மலை ஏறுகிற ஒருவர்