தையில் வேண்டாம், வைகாசியில் வைப்போம்

அன்புள்ள அம்மு,

ஸ்காட்லாந்தில் ஏவிமோர் வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். தையில் கிரகப்பிரவேசம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். இந்தத் தடவை குளிர் மிதமாகத்தான் இருக்கும் என்று மூன்று மாத முன்னறிவிப்பு சொல்கிறது, அதனால் பயமில்லை என்பது மாப்பிள்ளையின் கணக்கு. அம்மாவும் பஞ்சாங்கத்தைப் புரட்டி நல்ல நாள் குறிக்க ஆரம்பித்துவிட்டாள். போனில் இதைப் பேசினால் பாதியிலேயே உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

தை வேண்டாம் அம்மு. வைகாசியில் வைப்போம்.

யார்க்‌ஷயரில் கவுன்சில் சாலைப் பிரிவில் இருந்த காலம் முழுக்க, குளிர்காலம் வந்தால் வானிலை அறிக்கையோடுதான் என் பிழைப்பு ஓடியது. ராத்திரி போன் அடித்தால் "அப்பா, உப்பா?" என்று தூக்கத்திலேயே கேட்பாய், ஞாபகம் இருக்கிறதா? சாலை உறையாமலிருக்கத் தூவும் உப்பு, செஷயரில் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து வரும் பழுப்பு நிறக் கல்லுப்பு அது. கிடங்கில் கூரை முட்டக் குவிந்து கிடக்கும். சமையல் உப்பு மாதிரி உலர்ந்து உதிராது. ஈரத்தோடு விரல் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும், எத்தனை தடவை கழுவினாலும் நகக்கண்ணில் எரியும்.

அந்த வேலையில் இரண்டு விதமான முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஒன்று, வெயில் காலத்திலேயே எடுப்பது: வருகிற குளிருக்கு எத்தனை டன் உப்பு வாங்கிப் போடுவது? இன்னொன்று, அன்றன்று மதியம் எடுப்பது: இன்று ராத்திரி லாரிகளை அனுப்புவதா வேண்டாமா? மாதக்கணக்கில் முன்னால் வரும் அறிவிப்பு முதல் கேள்விக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். இரண்டாவதற்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தையில் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட மேட்டுச் சாலையில் சொந்தக்காரர்கள் கார் ஓட்டி வர முடியுமா என்பது இரண்டாவது வகைக் கேள்வி. மாப்பிள்ளை அதற்கு முதல் வகைப் பதிலை எடுத்து வைத்திருக்கிறார்.

பிரிட்டன் வானிலைத் துறையான மெட் ஆபீஸின் மூன்று மாத அறிக்கையை அவர் முழுக்கப் படித்தாரா, இல்லை பத்திரிகைத் தலைப்பை மட்டும் பார்த்தாரா என்று தெரியவில்லை. அறிக்கையில் "குளிர் மிதமாக இருக்கும்" என்று எங்கேயும் எழுத மாட்டார்கள். குளிர்ந்த பருவத்துக்கு இத்தனை வாய்ப்பு, சராசரிக்கு இத்தனை, மிதமானதற்கு இத்தனை என்று மூன்றையும் போட்டு, மிதமாக இருக்கும் வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா என்று சொல்வார்கள். நம் பாட்டி வீட்டுத் திண்ணையில் தாயக்கட்டை உருட்டியிருக்கிறாய் அல்லவா? ஒரு பக்கம் லேசாகக் கனம் ஏற்றிய கட்டை என்று வைத்துக்கொள். நிறைய தடவை உருட்டினால் அந்தச் சாய்வு தெரியும். ஒரே ஒரு தடவை உருட்டி அதன் மேல் பணம் கட்ட முடியாது.

2009 ஏப்ரலில் என்ன நடந்தது என்று பார். அந்தக் கோடை நன்றாக இருக்க 65 சதவீதம் வாய்ப்பு என்றுதான் மெட் ஆபீஸ் கணக்குப் போட்டது. அறிவிப்பில் "பார்பிக்யூ கோடை" என்ற ஒரு சொல் வந்தது, அதை மட்டும் ஊரே பிடித்துக்கொண்டது. ஜூலையில் மழை கொட்டித் தீர்த்தது. நூற்றுக்கு 35 என்பது சின்ன எண் இல்லை, ஆனால் அதை யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்த வருஷமே பொதுமக்களுக்கென்று பருவ முன்னறிவிப்பு வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது வருகிற மூன்று மாத அறிக்கை, கவுன்சில், மின்சாரம், ஆஸ்பத்திரி என்று முன்கூட்டியே திட்டம் போட வேண்டியவர்களை மனதில் வைத்து எழுதுவது. ஒரு வீட்டு விசேஷத்துக்கு நாள் பார்ப்பதற்கு அது ஆகாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாளைச் சொல்ல முடியாது என்பது அவர்கள் திறமைக்குறைவு இல்லை. காற்றின் குணமே அப்படி. இன்றைய அளவீட்டில் மிகச் சின்ன வித்தியாசம் இருந்தால்கூட இரண்டு வாரத்தில் படம் முழுக்க மாறிவிடும் என்பதை எட்வர்டு லோரன்ஸ் 1960களிலேயே காட்டிவிட்டார். அதனால்தான் ரெடிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தில் ஒரே கணக்கைச் சின்னச் சின்ன மாற்றத்தோடு ஐம்பது தடவை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஐம்பதும் ஒரே பக்கம் போனால் நம்பலாம். நாலா பக்கமும் சிதறினால், தெரியவில்லை என்பதுதான் பதில்.

அப்படியானால் மாதக்கணக்கில் முன்னால் எதையுமே சொல்ல முடியாதா என்று கேட்பாய். சொல்லலாம், ஆனால் பருவத்தின் சாய்வை மட்டும். இந்த நாட்டுக் குளிர்காலத்தை ஆட்டிவைப்பது அட்லாண்டிக் கடலின் இரண்டு இடங்கள்: தெற்கே அசோர்ஸ் தீவுகள் பக்கம் அழுத்தம் கூடிய பகுதி, வடக்கே ஐஸ்லாந்து பக்கம் அழுத்தம் குறைந்த பகுதி. இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் மேற்குக் காற்று பலமாக வீசும், கடலின் கதகதப்பும் மழையும் புயலும் வரும். வித்தியாசம் குறைந்தால் அந்தக் காற்று தளரும், கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் குளிர் உள்ளே நுழையும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சில மாதங்களுக்கு முன்பே ஓரளவு கணிக்க முடியும் என்று மெட் ஆபீஸைச் சேர்ந்த ஆடம் ஸ்கைஃபும் அவர் குழுவும் 2014-இல் காட்டினார்கள். ஓரளவுதான், ஆனாலும் உப்பு வாங்குகிறவனுக்கு அது பெரிய விஷயம்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு 'வட அட்லாண்டிக் ஊசலாட்டம்' என்று பெயர் வைத்தவர் யார் தெரியுமா? கில்பர்ட் வாக்கர். இங்கிலாந்துக் கணித மேதை. ஆனால் 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்தவர், சிம்லாவில் அலுவலகம். அவர் தேடியது யார்க்‌ஷயர் பனியை இல்லை, நம் பருவமழையை. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்பாய், 1876-இல் தொடங்கியது. மெட்ராஸ் மாகாணமே சுருண்டு போனது. அதற்குப் பிறகுதான் பிளான்ஃபோர்டு என்பவர் இமயமலைப் பனியைப் பார்த்து வரப்போகும் மழையைச் சொல்ல முயன்றார். பருவ முன்னறிவிப்பு என்ற வேலையே அங்கிருந்துதான் கிளம்பியது. வாக்கர் உலகம் முழுவதிலுமிருந்து வந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட வைத்தார், கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு. பருவமழையைப் பிடிக்கும் சூத்திரம் கடைசிவரை அவருக்குச் சரியாக அகப்படவில்லை. ஆனால் பசிபிக்கின் ஊசலாட்டமும் அட்லாண்டிக்கின் ஊசலாட்டமும் அகப்பட்டன. நம் ஜனங்கள் சோறில்லாமல் செத்ததிலிருந்து தொடங்கிய தேடல், இன்று நீ ஏவிமோரில் படிக்கிற அறிக்கைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

சரி, முன்னறிவிப்பு பலித்துவிட்டது, குளிர் மிதமாகவே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மிதம் என்றால் சுலபம் என்று மாப்பிள்ளை நினைக்கிறார். இங்கே மிதமான குளிர்காலம் என்றால் மேற்குக் காற்று, மேற்குக் காற்று என்றால் புயலும் வெள்ளமும். 2015 டிசம்பரை எடுத்துக்கொள். மரங்கள் துளிர் விடுமோ என்று நினைக்கும் அளவுக்கு வெதுவெதுப்பு. அதே மாதம்தான் மழையிலும் சாதனை. டெஸ்மண்ட் புயல் வந்தபோது கம்பிரியாவில் ஹோனிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341 மில்லிமீட்டர் பெய்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான் சென்னை மூழ்கிக் கிடந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். பெரியப்பா வீட்டுக்கு போன் கிடைக்காமல் நாம் பட்ட பாடு உனக்கும் தெரியும். அந்த வருஷம் பசிபிக்கில் பலமான எல் நினோ, அதாவது கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவது. எல் நினோ வருஷங்களில் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை கூடுவதற்கும், இங்கே குளிர்காலத்தின் முதல் பாதி ஈரமும் காற்றுமாக இருப்பதற்கும் வாய்ப்பு அதிகம்.

மிதமான பருவத்துக்குள்ளேயே கொடுங்குளிர் பத்து நாள் புகுந்து போவதும் உண்டு. 2018 பிப்ரவரி நடுவில் வட துருவத்துக்கு மேலே, மேகங்களுக்கும் வெகு உயரத்தில், காற்று திடீரென்று சூடாகி, துருவத்தைச் சுற்றி வீசும் காற்றுச் சுழல் உடைந்து திசை மாறியது. அதன் விளைவு கீழே இறங்கி வர இரண்டு வாரம் ஆனது. மாதக் கடைசியில் சைபீரியக் குளிர் வந்து நாட்டையே முடக்கியது. இப்படி மேலே உடையும்போதெல்லாம் கீழே குளிர் வந்தே தீரும் என்றில்லை, ஆனால் உடைந்தது தெரிந்தால் உப்பு ஆர்டர் போட இரண்டு வாரம் கிடைக்கும். தை முகூர்த்தத்துக்கு அழைப்பிதழ் அடித்தவர்களுக்கு அந்த இரண்டு வாரம் போதாது.

உன் வீடு இருக்கும் இடத்தையும் யோசி. ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு. காற்றில்லாத தெளிந்த இரவில் மலைச்சரிவின் குளிர்காற்று வழிந்து இறங்கி அங்கே தேங்கும். கெய்ர்ன்கோர்ம் மலைகளுக்கு அந்தப் பக்கம் பிரேமரில் 1895 பிப்ரவரியிலும் 1982 ஜனவரியிலும் மைனஸ் 27.2 டிகிரி பதிவானது. இந்த நாட்டில் அதற்குக் கீழே இதுவரை இறங்கியதில்லை. இன்வர்னஸுக்கு வேலைக்குப் போக ஸ்லாக்ட் மேட்டை நீ தினமும் தாண்டுகிறாய், அதுவே 400 மீட்டர் உயரம். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு அதைவிட உயரமான ட்ரமோக்டர் கணவாய். அங்கே பனி மூடினால் சாலையில் கேட் போட்டு அடைத்துவிடுவார்கள். லெஸ்டரிலிருந்து முட்டிவலியோடு வரும் அத்தையை அந்த கேட்டுக்கு முன்னால் காரில் உட்கார வைக்க எனக்கு மனசில்லை. தை தொடக்கத்தில் அங்கே சாயங்காலம் நாலு மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்.

வைகாசி என்றால் மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை. ஸ்காட்லாந்தில் வெயில் அதிகம் கிடைப்பதும் மழை குறைவதும் வசந்தத்தின் பின்பாதியிலும் கோடைத் தொடக்கத்திலும்தான். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மழையே பெய்யாது என்று நான் சொல்லவில்லை, ஆனால் சாலை திறந்திருக்கும். எந்த முன்னறிவிப்பையும் நம்பி இதைச் சொல்லவில்லை, எத்தனையோ வருஷத்துச் சராசரியைப் பார்த்துச் சொல்கிறேன். தூரத்து நாளைக் குறிக்க அதைவிட நல்ல ஆதாரம் யாரிடமும் கிடையாது. வைகாசி வீடு குடிபோக நல்ல மாதம்தான் என்று அம்மாவும் ஒத்துக்கொண்டாள். பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் எத்தனை மரக்கால் மழை என்றும் பார்த்து வைத்திருக்கிறாள், வந்தால் அவளே சொல்லட்டும். பால் காய்ச்சிக் குடியேறுவதை மட்டும் இப்போதே நீங்கள் இருவருமாகச் செய்துகொள்ளுங்கள். வாடகை வீட்டுக்கு வைகாசி வரை பணம் கட்ட வேண்டாம்.

பத்திரிகைகள் ஒவ்வொரு ஐப்பசியிலும் "பனிக் குண்டு", "நூற்றாண்டின் கொடுங்குளிர்" என்று போடும். வரைபடத்தில் ஊதா நிறம் பூசிய ஏதாவது ஒரு கணக்கை எடுத்துத் தலைப்பாக்குவார்கள். ஐம்பது கணக்கில் அது ஒன்றே ஒன்றாக இருக்கும். அதையும் நம்பாதே, மிதம் என்பதையும் நம்பாதே. 2010 ஜனவரியில் நாடு முழுக்க உப்புக்குத் தட்டுப்பாடு, சிக்கனமாகத் தூவச் சொல்லி மேலிடத்திலிருந்தே உத்தரவு வந்தது. அதே வருஷம் டிசம்பர், நூறு வருஷத்தில் காணாத குளிர் டிசம்பர். வானிலை எப்படிச் சாய்ந்தாலும் கிடங்கு நிரம்பியிருக்க வேண்டும் என்பதை அந்த வருஷம் எல்லாக் கவுன்சிலும் கற்றுக்கொண்டது. நீயும் ஹீட்டிங் எண்ணெய்த் தொட்டியை இப்போதே நிரப்பிவிடு. நவம்பர் வந்தால் விலை ஏறலாம், சாலை மூடினால் லாரி வராது.

நைட் டியூட்டிக்குப் போகும் நாளில் மாலை அறிக்கையைப் பார். காற்றில்லை, மேகமில்லை என்றால் உஷாராக இரு. கார் டேஷ்போர்டு காட்டுவது காற்றின் வெப்பம். அது 3 டிகிரி என்று காட்டும்போதே சாலை உறைந்திருக்கலாம். பாலங்கள் முதலில் உறையும். உப்பு தூவிய உடனே வேலை செய்யாது, வண்டிகள் ஓடி நசுக்கினால்தான் கரையும். மைனஸ் எட்டு பத்துக்குக் கீழே போனால் அதன் பலமும் குறைந்துவிடும். அதனால் லாரி போய்விட்டது என்று வேகமெடுக்காதே. வண்டியில் ஒரு கம்பளி, மண்வெட்டி, டார்ச், தண்ணீர், முறுக்கு டப்பா இருக்கட்டும். விடிகாலை வீடு திரும்பியதும் எனக்கு ஒரு வரி அனுப்பு, நான் அந்த நேரத்தில் எப்படியும் விழித்திருப்பேன்.

கார்த்திகை பிறப்பதற்குள் நான் ரயிலில் வருகிறேன். வந்து உன் காருக்குக் குளிர்கால டயர் மாற்றிவிட்டு, மாப்பிள்ளையோடு உட்கார்ந்து அந்த மூன்று மாத அறிக்கையை முழுசாகப் படிக்கிறேன். வைகாசி முகூர்த்தங்களை அம்மா தனியாக எழுதி அனுப்புவாள். அதில் உன் டியூட்டி லிஸ்டுக்கு ஒத்துவருவதைச் சொல்.

அன்புடன்,
அப்பா