கார்த்திகை வேறு, கோளகக் கொத்து வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

தங்கள் அறிவியல் இணைப்பில் வந்த பழமையான விண்மீன் கொத்துகள் பற்றிய கட்டுரை நல்ல முயற்சி. பள்ளிப் பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைக்கும் பக்கம் என்பதால் இரண்டு திருத்தங்கள்.

கட்டுரையின் படத்தில் இருப்பது கார்த்திகை விண்மீன் கொத்து. அதன் வயது சுமார் 10 கோடி ஆண்டுதான். கட்டுரை பேசுவதோ 1,100 முதல் 1,300 கோடி ஆண்டு வயதுடைய கோளகக் கொத்துகளை. லட்சக்கணக்கான விண்மீன்கள் பந்துபோல் நெருங்கிக் கிடப்பவை அவை.

அவை எல்லாமே பால்வீதிக்குள் பிறந்தவை என்று எழுதியிருப்பதும் சரியல்ல. இப்படி ஒரு கொத்து பிறக்க, வாயு மிக நெருக்கமாக அமுங்கிய இடத்தில், பெரிய விண்மீன்கள் வெடித்து மிச்ச வாயுவைத் துரத்துவதற்குள், அதாவது சில பத்து லட்சம் ஆண்டுகளில், பெரும்பகுதி வாயு விண்மீனாகிவிட வேண்டும். ஆகாவிட்டால் ஈர்ப்புக் கட்டு தளர்ந்து கொத்து கலைந்துவிடும். இந்த நெருக்கம் சிறு கேலக்ஸிகளிலும் இருந்தது. ஒரு கொத்து பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுப்பது அதன் விண்மீன்களில் உள்ள இரும்பு. பெரிய கேலக்ஸியில் விண்மீன்கள் வேகமாகப் பிறந்து வெடித்ததால் இரும்பு சீக்கிரம் சேர்ந்தது. சிறியதில் மெதுவாகத்தான் சேர்ந்தது. ஆகவே ஒரே அளவு இரும்புள்ள இரண்டு கொத்துகளில் வயதில் இளையது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலம் காட்டிய கொத்துகளின் சுற்றுப்பாதைகளும் இதற்குச் சாட்சி. சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வீதி விழுங்கிய ஒரு கேலக்ஸியை 2018இல் அந்த அளவீடுகளில்தான் அடையாளம் கண்டார்கள். எத்தனை கொத்து சொந்தம், எத்தனை வந்தது என்று பிரித்தால் பால்வீதி வளர்ந்த கதையே கிடைக்கிறது. கட்டுரை தொடாமல் விட்டது இதைத்தான்.

ஒமேகா சென்டாரி என்ற கோளகக் கொத்தையாவது சொல்லியிருக்கலாம். சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள். அதற்குள்ளேயே இரும்பு பல அளவுகளில் இருக்கிறது. வெடித்துச் சிதறிய இரும்பைப் பிடித்துவைக்கச் சாதாரணக் கொத்தின் ஈர்ப்பு போதாது. அதனால் இது சிதைந்துபோன ஒரு சிறு கேலக்ஸியின் நடுப்பகுதி என்பதே பலரின் முடிவு.

வட இந்தியாவில் அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும் இது நம் தருமபுரி, கிருஷ்ணகிரியில் 30 பாகை உயரம் வரும். மே கடைசி வாரம், நிலா இல்லாத இரவு, ஒன்பது மணிக்கு மேல் சித்திரை (ஸ்பைகா) விண்மீன் நேர் தெற்கில் நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி 10 பாகை. சித்திரையிலிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். 7x50 (7 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலரில் பஞ்சுத் துணுக்குபோல் தெரியும். 6 அங்குலத் தொலைநோக்கியில் ஓரத்தில் புள்ளிகள் பிரியும். 'ஒன்றுமே தெரியவில்லை' என்பவர்கள் பெரும்பாலும் செல்போன் வெளிச்சம் பட்ட கண்ணோடு பார்ப்பவர்கள். 20 நிமிடம் இருட்டில் இருந்துவிட்டு, பைனாகுலரைச் சுவரில் ஊன்றிப் பார்க்க வேண்டும். பெங்களூரு, ஓசூர் வெளிச்சம் வடக்கே இருப்பதால் அஞ்செட்டிப் பக்கம் தென்வானம் இன்னும் தெளிவு.

அடுத்த இணைப்பில் படத்தை மாற்றித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பாலக்கோடு,
தருமபுரி மாவட்டம்